வாயாடி போன்

“இந்தச் சனியன் தொட்டதையெல்லாம் சத்தமா வாசிக்குது, ஒண்ணையும் திறக்க மாட்டேங்கு! மவ பிரசவத்துக்குப் போயிருக்கா. மருமவன் கூப்பிடுதான், எடுக்க முடியலயே!”

ஆழ்வார்குறிச்சி பஸ்ஸில் வடிவம்மாள் போனை உதறிக்கொண்டு புலம்பினாள்.

முன்சீட்டில் இருந்த ஜெயராம் திரும்பாமலேயே சொன்னான். “பதறாதீங்கக்கா. ரெண்டு விரலையும் சேத்துத் திரையில ரெண்டு தடவ தட்டுங்க.”

தட்டினாள். மருமகன் குரல் கேட்டது. பேத்தி பிறந்திருந்தாள், தாயும் சுகம்.

“இப்ப சத்தம் கூட்டுத பட்டனையும் குறைக்குத பட்டனையும் சேத்து அமுக்கிப் பிடிங்க.”

பிடித்தாள். போன் வாயை மூடிக்கொண்டது. வடிவம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நீ நல்லா இருக்கணும் தம்பி. நல்லவேள, நீ பாத்த!”

நிறுத்தம் வந்தது. மடக்கி வைத்திருந்த வெள்ளைக் கோலை விரித்துக்கொண்டு எழுந்தான் ஜெயராம்.

“பாக்கலக்கா, கேட்டேன். எனக்கும் அந்தச் சனியன்தான் எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுது.”