வாத்தின் பட்டா

இந்தோனேசியாவில் பஸ்கூட எட்டிப் பார்க்காத ஒரு மலைக்கிராமம். அங்கே அறுப்பு முடிந்த வயல்களில் யார் வாத்து வேண்டுமானாலும் மேயலாம். விடிந்ததும் ரெந்தா தன் வாத்துகளை ஓட்டிவந்து, வெள்ளைத்துணி கட்டிய மூங்கில் கம்பை ஒரு வயலில் நட்டுவிட்டுப் போவார். பொழுது சாய்கிறவரை வாத்துகள் அந்தக் கம்பை விட்டு நகராது. குஞ்சிலிருந்தே அப்படிப் பழக்கம்.

கூட்டத்தின் மூத்த வாத்துக்கு அன்று வயிறு நிறைய நத்தை. வரப்பில் ஒரு நண்டைப் பார்த்ததும் கழுத்தை நீட்டியது.

“யாருடா நீ, எங்க வயல்ல?”

“நான் பொறந்ததே இந்த வளையிலதாங்க.”

“பொறந்தா ஆச்சா? அதோ பாரு, எங்க கொடி. அதுதான் பட்டா. உன்கிட்ட என்ன இருக்கு?”

நண்டிடம் இரண்டு கொடுக்குகள்தான் இருந்தன. ஊர்ப்பட்ட வாத்துகளோடு மல்லுக்கு நிற்க முடியுமா? வரப்பைத் தாண்டி அடுத்த வயலில் புது வளை தோண்டிக்கொண்டது.

மறுநாள் ரெந்தா அந்த வயலில் கம்பை நட்டார்.

“மறுபடியும் எங்க நிலத்துலயா? வெக்கமா இல்ல?” என்றது வாத்து.

“அப்போ நேத்து இருந்த வயலு?”

“அதுவா? அங்கதான் கொடியே இல்லையே. வெறும் புறம்போக்கு. போய் இருந்துக்கோ.”

நண்டு தன் பழைய வளைக்குத் திரும்பியது. ஓர் ஏழைக்கு இடம் கொடுத்த திருப்தியில் வாத்து இறகைக் கோதிக்கொண்டது.

சாயங்காலம் ரெந்தா வந்து, கம்பைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். வாத்து தன் சொந்த நிலத்தின் பின்னாலேயே குடுகுடுவென்று ஓடியது.