இரண்டாவது பிளாஷ்

“அதை வைடா கீழே,” என்றேன்.

ரூபேந்திரன் திரும்பினான். கையில் ஒரு மலிவான பிளாஷ். முகத்தில், என்னைக் கண்டால் மட்டும் வரும் அந்தச் சிரிப்பு.

“அலமாக். ஐ.சி. அங்கிள்!”

முப்பது வருடமாக ஜொகூரில் கல்யாணப் படம் எடுக்கிறவன் நான். பிளாஷைக் கேமராவின் தலையிலேயே மாட்டி, நேராக முகத்தில் அடிப்பேன். இதே தொழிலுக்குப் புதிதாக வந்த இவன் போன வருடம் முகநூலில் எழுதினான்: அர்ச்சுனன் அங்கிள் எடுத்தால் கல்யாணப் பெண்கூட ஐ.சி. அடையாள அட்டைப் படத்துக்கு நிற்பது போலத்தான் இருப்பாள்.

நூற்றுப் பன்னிரண்டு லைக். அதில் ஒன்று என் மைத்துனனுடையது.

பொய் என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் ஆத்திரம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாசாய் கோயிலில் ஒரு கல்யாணம். நானே எடுக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் இவனைப் பிடித்திருந்தார்கள். இவனுக்கு மாப்பிள்ளையின் கைப்பேசி எண் தெரியும், அவ்வளவுதான். மற்ற முகங்களைக் கோயிலில் பார்த்துக்கொள்வான்.

மூன்று நாளைக்கு முன்பு மூவார் ஆற்றங்கரையில் ஏதோ ஒரு ஜோடியைப் படம் எடுக்கப்போய், இவனுடைய பிளாஷ் தண்ணீருக்குள் போய்விட்டது. அதை முகநூலில் எழுதி, அழுகிற பொம்மை ஒன்றையும் சேர்த்துப் போட்டிருந்தான். எதிரியின் பக்கத்தை முதலில் படிப்பவன் நான்தான். லைக் மட்டும் போடமாட்டேன்.

இவன் புதிது வாங்க லியாக்கத் அலியின் கேமரா கடைக்குத்தான் வந்தாக வேண்டும். ஆகவே இன்று காலை அவர் இரும்புக் கதவைத் தூக்கும்போதே நான் வாசலில் நின்றேன்.

“இதுக்கு என்னா குறை?” என்றான்.

“இது இன்னொரு பிளாஷ் அடிக்கிறதைப் பார்த்தாத்தான் தானும் அடிக்கும். நடுவுல நாப்பது அத்தைங்க போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. இது எங்க பார்க்கும்? அத்தைங்களோட முதுகைத்தான் பார்க்கும்.”

லியாக்கத் அலி கண்ணாடி மேசையைத் துடைக்கத் தொடங்கினார். அதில் தூசி எதுவும் இல்லை.

“ரேடியோவுல ஓடுறதை எடு. ஆளு மறைச்சாலும் அடிக்கும்.”

அவன் முறைத்துக்கொண்டே ரேடியோ பிளாஷ் ஒன்றை எடுத்தான். கேமராவில் மாட்டுகிற டிரிகரை மட்டும் வேறு கம்பெனியில் எடுத்தான். பார்க்க அழகாக இருக்கிறதாம்.

“ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கணும்டா. இல்லாட்டி நீயும் நானும் மாதிரிதான். ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்கு ஏறாது.”

“எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க அங்கிள். அப்புறம் ஏன் ஒண்ணுகூட உங்க படத்துல வரமாட்டேங்குது?”

எனக்கும் முப்பது வருடமாக அதே சந்தேகம் உண்டு. இவனிடம் போய் ஒப்புக்கொள்வேனா?

“ரெண்டு எடு,” என்றேன்.

“ஒண்ணு போதும்லா. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. அதான் என் ஸ்டைல்.”

“ஸ்டைலை மூவார் ஆத்துல வச்சுக்க. இங்க ரெண்டு வேணும். ‘ஏ’ பொண்ணு மாப்பிள்ளை மேல. ‘பி’ பக்கத்துல நிக்கிறவங்க மேல. நின்ன இடத்துலேருந்தே எதை வேணும்னாலும் தனியா அணைக்கிற மாதிரி டிரிகரா பாரு.”

அவனுடைய சிரிப்பு போய்விட்டது.

“வேலை கைவிட்டுப் போன வயித்தெரிச்சல். அதானே? அன்னைக்கு எதையாவது சொதப்பட்டும்னு இதையெல்லாம் என் தலையில கட்டுறீங்க. நான் எப்படி எடுத்தா உங்களுக்கு என்னா?”

பேட்டரி வாங்க வந்த ஒரு பெண் வாங்காமலே வெளியே போனாள்.

“தம்பி, அண்ணன் எதுக்குச் சொல்றார்னா…” என்று லியாக்கத் அலி வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அலமாரியிலிருந்து நானே இன்னொரு பெட்டியை இறக்கி, அவன் முன்னால் டொக்கென்று வைத்தேன். “நீ வாங்கலைன்னா நான் வாங்கி உன் பைக்குள்ள திணிப்பேன்.”

என்னை ஒழித்துக்கட்டினால் போதும் என்று நினைத்தானோ என்னவோ, இரண்டையும் பிரித்தான். பேட்டரி போட்டான். மேசையின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. இரண்டும் என் முகத்தைப் பார்த்தபடி. சும்மா ஒன்றும் அப்படி வைக்கவில்லை.

அழுத்தினான்.

கடை வெள்ளையாகப் போனது. பிறகு ரூபேந்திரன் இருந்த இடத்தில் ஊதா நிறப் பொட்டுகள் மிதந்தன. அவை சந்தோஷமாக இருந்தன.

“நல்லா அடிக்குதா அங்கிள்?”

“அடிக்குது,” என்றேன் பொட்டுகளிடம். “இப்ப கேட்டுக்க. தாரை வார்க்கும்போது ‘பி’யை அணைச்சிடு.”

“என்னா அங்கிள், பைத்தியமா? பொண்ணோட அப்பா முகம் இருட்டாப் போயிடும். அப்புறம் அந்த மனுசன் என்னைத் திட்டுவாரு.”

“காலையிலேருந்து திட்டுனது பத்தலையா?”

பொட்டுகள் மெல்ல விலகின. ரூபேந்திரன் டிரிகரைப் பிடித்தபடி நின்றான்.  மேசை முனையில் இருந்த ‘பி’யையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அவங்கம்மா தண்ணி ஊத்துவா,” என்றேன். “என் ரெண்டு கையும் என் பொண்ணு கைக்குக் கீழ இருக்கும். கண்ணைத் துடைக்கக் கை இருக்காதுடா.”