வாரண்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே ஹேமாவதி லேப்டாப் வயரைச் செருகியபோது, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த விஷால் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான்.

அந்த அம்பத்தூர் சர்வீஸ் சென்டரில் வாரண்டி பார்க்கும் இன்ஜினியர் அவள். இன்ஜினுக்கு வேகம் கூட்டும் டர்போ தானாகக் கெட்டதா, இவன் கெடுத்ததா என்று சொல்லப்போகிறவள். கையெழுத்துப் போட்டால் புது டர்போ இலவசம். போடாவிட்டால் ஏன் என்று சொல்வாள், அதுவும் நிவேதிதாவின் எதிரிலேயே.

அதை நினைத்தால்தான் அவனுக்கு அதிகப் பயம்.

நிவேதிதா பக்கத்தில் உட்கார்ந்து செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வண்டி எண்பதைத் தொட்டாலே மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிற மனைவி. இன்ஜினில் கை வைக்க மாட்டேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் காரே வாங்கவிட்டாள்.

சத்தியம் நாலு மாதம் தாங்கியது.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு ஷெட். அங்கே ஜஸ்டின் என்கிறவர் இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தார். வண்டி பிய்த்துக்கொண்டு பறந்தது. நிவேதிதா உட்கார்ந்திருந்தால் மட்டும் விஷால் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டுவான்.

போன வாரம் டர்போ ஊளையிட்டு ஓய்ந்தது. ஜஸ்டினே கம்பெனி சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றிவிட்டு, இனி எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று அனுப்பிவைத்தார்.

ஹேமாவதி லேப்டாப்போடு மேசைக்கு வந்தாள்.

“சாஃப்ட்வேர் ஒரிஜினல்தான் சார்.”

விஷாலுக்கு உயிர் வந்தது.

“ஆனா வண்டில ஒரு சிம் கார்டு இருக்குது. ஓடுறதெல்லாம் கம்பெனிக்கு அனுப்பிக்கினே இருக்கும். பிப்ரவரி ஒம்பது, ஞாயித்துக்கெழம, காலைல அஞ்சே முக்கால். அவுட்டர் ரிங் ரோடுல ஸ்பீடு நூத்தி எம்பத்திரண்டு. கம்பெனி செட்டிங்ல இது நூத்தி அறுவத்தஞ்சத் தாண்டாது சார். இன்னா பண்ணீங்க வண்டிய?”

சிம்மை ஜஸ்டின் மறந்துவிட்டார். அவரைச் சொல்லி என்ன பயன்? தினமும் சாயங்காலம் ஆபீசில் இருந்தபடியே அதே சிம் வழியாகக் காரில் ஏசி போடுகிற விஷாலுக்கே அது தோன்றவில்லை.

செல்போனில் நிவேதிதாவின் விரல் அசையாமல் நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது. தொலைந்தோம் என்றே நினைத்தான்.

அப்புறம்தான் தேதி உறைத்தது.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவன் ஊரிலேயே இல்லை. கோயம்புத்தூரில் நண்பன் கல்யாணம். போனதும் வந்ததும் ரயிலில். கார் பூந்தமல்லி ஃப்ளாட்டின் பார்க்கிங்கில் நின்றது.

அவசர அவசரமாகச் செல்போனில் டிக்கெட்டைத் தேடி எடுத்து நீட்டினான்.

ஹேமாவதி டிக்கெட்டைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு நிவேதிதாவைப் பார்த்தாள்.

“வேற யாரும் எடுக்கலியா மேடம்?”

“எனக்கு நாப்பதுக்கு மேல போனாலே கை நடுங்கும்ங்க. வண்டி கீழயேதான் நின்னுச்சு.”

ஹேமாவதி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். விஷால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டான். அவள் மறுபடியும் லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்ததும் மூன்றாக்கினான்.

கடைசியில் ஜாப் கார்டில் ‘டேட்டா எரர்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

காரை விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிய பிறகும் விஷாலுக்குச் சந்தோஷம் அடங்கவில்லை. மனுஷன் மாதிரி மெஷினும் உளறும் போலிருக்கிறது, நமக்கு நல்ல நேரம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான்.

வானகரம் சிக்னலில் ஆட்டோ நின்றது. நிவேதிதா அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“அவங்க எட்டு கம்மியா சொல்றாங்க. மீட்டர்ல நான் நூத்தித் தொண்ணூறு பார்த்தேன்.”