ஆகஸ்ட் மாத மதிப்பெண்

"அந்தக் கறுப்பு டிரக் நம்பரைப் பார்த்தியா? இப்ப கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பிச் சொல்லு."

"ஏழு... நாலு... போதும்மா. டெஸ்ட் உள்ளே போயித்தானே?"

"சொல்லுடா. இந்தக் குளிர்ல எஞ்சினையே சூடு பண்ணாமக் கிளப்ப முடியல. மூளை மட்டும் சும்மா கிளம்பிடுமா?"

அரங்க வாசலில் நின்ற டார்லீன் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. போன வாரம் இதே ஐஸ் ஹாக்கி அரங்கத்தில், பக்கச் சுவரில் தலை மோதி மகன் டேனர் சுருண்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். பெற்ற வயிறு அதற்குப் பிறகு எங்கே சிரிக்கும்?

சனிக்கிழமை இறுதி ஆட்டம். கல்லூரி அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். டேனர் ஆடலாமா, கூடாதா என்பதை இன்றைய ஞாபகத் தேர்வுதான் சொல்லும். சீசன் தொடங்குமுன், ஆகஸ்டில், எல்லாப் பையன்களுக்கும் வைத்த அதே தேர்வு. அன்று வாங்கிய மதிப்பெண் இன்றும் வந்தால் மூளைக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஒரு புள்ளி குறைந்தாலும் ஹாக்கி மட்டையை விறகாக்கிவிடுவேன் என்று டார்லீன் சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உள்ளே, அணியில் அடிபட்டவர்களைக் கவனிக்கும் லார்ன் ஒரு புதிர்த்தாளை நீட்டினார்.

"முதல்ல இதைப் போடு. ஆகஸ்ட்லயும் புதிர் போட்டு மூளையைத் தட்டி எழுப்பிட்டுத்தானே டெஸ்ட் வச்சேன்? இன்னைக்கும் அப்படிச் செஞ்சாத்தான் நியாயம்."

டேனர் புதிரைப் போட்டு முடித்தான். லார்ன் பத்து வார்த்தைகளை நிதானமாக வாசித்தார். "இப்ப நீ சொல்லு."

"மணி... ஏணி... கம்பளி... குதிரை..." அவன் நெற்றி வியர்த்தது. "ம்... மணி."

"மணி சொல்லிட்டே."

டார்லீன் கதவோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். வார்த்தைகளுக்குப் பிறகு எண்கள், படங்கள். எல்லாம் முடிந்து கணினியைப் பார்த்த லார்னின் முகம் மலர்ந்தது.

"ஆகஸ்ட்ல என்னவோ, அதேதான். ஒரு புள்ளிகூடக் குறையல. உன் மூளை அப்பவும் சுமார்தான், இப்பவும் சுமார்தான் தம்பி! சனிக்கிழமை தாராளமா ஆடு."

டார்லீனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வராந்தாவுக்கு வந்ததும் மகனை இறுகக் கட்டிக்கொண்டாள். அவன் கைகள் அவளைத் திரும்ப அணைக்கவில்லை.

"என்னடா? பாஸ் பண்ணிட்டு ஏன் இப்படி நிக்கறே?"

"அம்மா... ஆகஸ்ட்ல நான் வேணும்னேதான் தப்புத் தப்பாச் சொன்னேன். எங்கள்ல நிறைய பேர் அப்படித்தான். முதல்லயே கம்மியா வாங்கி வச்சுட்டா, அப்புறம் அடிபட்டாலும் ஆட விட்டுடுவாங்கன்னு."

டார்லீன் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி... இன்னைக்கும் அதே மாதிரிதானே வேணும்னு தப்பாச் சொன்னே?"

"இல்லம்மா. பயமா இருந்துச்சு, எனக்கே உண்மை தெரியணும்னு தோணுச்சு. இன்னைக்கு எனக்கு ஞாபகம் வந்ததே அவ்வளவுதாம்மா."