மெஷின் சத்தம் கேட்கவில்லை

தோட்டத்துத் தகரச் செட்டிலிருந்து மெஷின் சத்தமே வரவில்லை.

பாண்டிச்செல்வி வேலியோரம் நின்று மறுபடியும் காது கொடுத்துக் கேட்டாள். கருவேல முள்ளுக்குள் ஏதோ குருவி கத்தியது. அவ்வளவுதான்.

படகு தேய்க்கிறேன் என்று சொல்லித்தான் அவள் புருஷன் தங்கச்சாமி தினமும் விடியுமுன்பே கிளம்பி இங்கே வருகிறார். தோட்டத்துச் சொந்தக்காரர் கோட்டைச்சாமி தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கிவந்து இந்தச் செட்டில் போட்டிருக்கிறாராம். உப்பிலும் வெயிலிலும் கிடந்து நிறம் செத்துப்போய், தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டுமாம். அதைப் புதுசு மாதிரி மினுக்கி, ஆனைக்குட்டம் அணைப் பக்கம் கட்டுகிற ரிசார்ட்டில் விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றப்போகிறாராம்.

ஏழாயிரம்பண்ணை முள்ளுக்காட்டுக்குள் படகாம். யாருக்குக் காது குத்துகிறார்?

தேய்ப்பதற்கு கரன்ட் மெஷின் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறாராம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து கார் பட்டறையில் அந்த மெஷினைப் போட்டால் ரெண்டு தெருவுக்குக் கேட்கும். இங்கே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

சத்தமில்லாமல் செய்கிற வேலை என்றால் அவளுக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. திருட்டுத்தனமாகப் பட்டாசு மருந்து கலப்பது.

தீபாவளி சீசன். ஊருக்கு வெளியே செட்டு. புருஷன் கையில் தினமும் வெள்ளைப் பொடி. இதற்குமேல் என்ன வேண்டும்? இன்று அவள் கம்பெனி வேனில் ஏறாமல் அவர் பின்னாலேயே வந்துவிட்டாள்.

போன பங்குனியில்தான் மருந்து ரூம் வெடித்து சோலைமலை செத்துப்போனான். தங்கச்சாமியின் கூட்டாளி. தண்ணீர் எடுக்க வெளியே போன நேரமாக இருந்ததால் இவர் பிழைத்தார். இனிமேல் மருந்தைத் தொடமாட்டேன் என்று மகள் சினேகாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

அந்தத் தலையை நினைத்துக்கொண்டுதான் வேலியைத் தாண்டினாள்.

மேற்கு வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. தள்ளி ஒரு கல்லின்மேல் துண்டில் சுற்றிய செல்போன். அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மணல், இன்னொன்றில் தண்ணீர். எதிரெதிரே இருந்த இரண்டு கதவும் விரியத் திறந்து கிடந்தன.

படகு தேய்க்கிறவனுக்கு மணல் வாளி எதற்கு?

காலையில் அவள் எடுத்துக்கொடுத்த டெரிகாட்டன் சட்டையை வீசிவிட்டு, கிழிந்த பருத்திச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டதும் ஞாபகம் வந்தது. மருந்து ரூமுக்குள் செருப்பு, செல்போன், டெரிகாட்டன், ஒரு குண்டூசிகூடப் போகக்கூடாது; ஒரு பொறி போதும். பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிறவளுக்கு இதெல்லாம் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாவி மனுஷன். பிள்ளையின் தலையைவிடவா காசு பெரிதாகப் போய்விட்டது? சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் சினேகா முன்னால் நிறுத்தவேண்டும்.

உள்ளே நுழைந்தாள்.

தங்கச்சாமி எதிர்க் கதவை ஒட்டி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கால் உள்ளே மடங்கியிருந்தது. இன்னொரு கால் ஓடத் தயாராக வாசலுக்கு வெளியே இருந்தது. கை மட்டும் எதையோ மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அவள் கொலுசுச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே திரும்புகிறவர், இன்று திரும்பவில்லை. அவ்வளவு மும்முரம்.

கிட்டே போய் மூக்கை உறிஞ்சினாள். கந்தக வாடை இல்லை. பெயிண்டு வாடைதான் அடித்தது.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். அவர் முன்னால் இருந்தது படகேதான். செட்டை அடைத்துக்கொண்டு நீளமாகக் கிடந்தது. முக்கால்வாசி சாம்பல் பூத்திருந்தது. அவர் தேய்த்து முடித்திருந்த மூக்குப் பக்கம் மட்டும் நல்ல நீலம். அதில் அவள் முகம் தெரிந்தது.

அவர் கையில் ஈர உப்புத்தாள். அதிலிருந்து பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

தேய்க்கிற மெஷின் தூரத்து மூலையில் இருந்தது. அதன்மேல் ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்.

அவள் அவர் தோளைத் தொட்டாள்.

தங்கச்சாமி துள்ளி எழுந்து வெளியே ஓடினார். வேலிவரைக்கும் ஓடி நின்ற பிறகுதான் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மெசினப் போட்டா படகு சூடாகுது செல்வி," என்றார் மூச்சு வாங்கியபடி. "சூடு ஏறுனா என் கையி தானா நின்னுருது. நான் என்ன செய்ய?"

எப்பேர்ப்பட்ட மனுஷனைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. மருந்தைத் தொடவில்லை இவர். மருந்துதான் இவரை இன்னும் விடவில்லை.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பையே வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இது படகுங்க, வெடிக்காது! இதுக்குப் போயி இம்புட்டுப் பயப்படுறீகளே. நீங்க அங்கனயே நில்லுங்க, மெசின நான் போடுறேன்."

வெறுங்காலோடு முள்ளில் நிற்கிறாரே, முதலில் செருப்பைக் கொடுப்போம் என்று மேற்கு வாசலுக்கு வந்தாள்.

அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் அவளுடைய செருப்பும் இருந்தது. அதன்மேல் அவள் கொலுசு இரண்டும், கொண்டை ஊசிகளும்.

எப்போது கழற்றினாள் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.