மயில்கழுத்து நிறம்

தேவநேசன் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் குப்பி அது. உள்ளே நீரில் கண்ணுக்குத் தெரியாத கோடி மணிகள். ஒன்றையொன்று தள்ளித் தள்ளியே அவை வரிசைகட்டி நின்றுவிட்டால் மயில்கழுத்து நிறம் வரும். குலுக்கினால் பால்போல வெளுத்துவிடும். மாற்றலாகி வீடு மாறும்போதெல்லாம் லாரியில் நிறம் கலைந்துபோகும். புதுவீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுக் காத்திருப்பார். நிறம் வந்ததும் மனைவி கிரேஸைக் கூப்பிடுவார்.

“வந்து பாரு. இனிமே இது நம்ம வீடு.”

அதன் பிறகுதான் சுவரில் ஆணி அடிப்பார்கள்.

அவர் இறந்தபின் குப்பியோடு மகன் வீட்டுக்கு வந்தாள் கிரேஸ். ஒரு காலையில் மருமகள் ஜன்னலருகே நின்று சொன்னாள்.

“அத்தை, கலர் வந்திருச்சு. மாமா போட்டோவ மாட்டிரலாமா?”

கிரேஸ் எழுந்துபோய்க் குப்பியை எடுத்து, வெளுக்கும்வரை குலுக்கினாள்.