கட்டில் போல்ட்

மூன்றாவது முறை பொத்தானை அழுத்தியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது.

வாசல் சிமென்ட் தரை அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் வளையங்கள் எழுந்தன. வண்டியின் கண்ணாடிகள், பெட்ரோல் டேங்க்கின் மூடி, மேலே உட்கார்ந்திருந்த அண்ணனின் இடது முட்டி எல்லாம் நடுங்கின.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எட்டு மாதமாக இந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தான்.

நீளமான, தாழ்வான வண்டி. கால்களை முன்னால் நீட்டி ஓட்டுகிற வகை. ஹேண்டில் பார், சீட், மட்கார்டு எல்லாம் அவனே வெட்டி ஒட்டியவை. போன வருடம் மழையில் சறுக்கி விழுந்தபோது அதன் என்ஜின் பிளந்துவிட்டது. அண்ணனின் இடது காலுக்குள் இப்போது ஒரு கம்பி இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வந்த நண்பன் ஒருவன், "மச்சான், இனி உனக்கு மூணு சக்கர சைக்கிள்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணனும் சேர்ந்துதான் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் பழையதைப் போல இரண்டு மடங்கு பெரிய என்ஜினைக் கொண்டுவந்து இறக்கினான்.

அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அதே அளவில் இன்னொன்று போடக் கூடாதா என்றாள்.

"அதையே போட்டா பயந்துட்டான்னு சொல்வானுங்கம்மா."

வண்டியின் சட்டத்தை அறுத்தான். வெல்டிங் வைத்தான். என்ஜின் ஒரு மாதமாக அதற்குள் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. வயர், குழாய் எல்லாம் மாட்டியாகிவிட்டது. மிச்சம் அதைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் நான்கு போல்ட்டுகள்தான். கறுத்த, கனமான போல்ட்டுகள். தலையில் 10.9 என்று பலத்தைக் குறிக்கும் எண் பொறித்தவை.

நேற்று மாலை நான்கும் ஒரு துணியின் மேல் வரிசையாக இருந்தன. இன்று காலை அண்ணன் வந்து பார்த்தபோது இரண்டுதான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. வேறு யாராக இருந்தாலும் ஒரு நாள் பொறுத்திருப்பார்கள்.

அண்ணன் உள்ளே போய் அம்மாவின் இரும்புக் கட்டிலைக் கவிழ்த்தான். இரண்டு போல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

"அதே தடிமன்தான். ஒரு ரவுண்டுக்குத் தாங்கும். நீ இன்னிக்கு ஒரு நாள் கீழ படுத்துக்கம்மா."

கட்டில் போல்ட்டின் தலையில் எண் எதுவும் இல்லை.

நான் இயற்பியல் படித்தவள். எண் போடாத இரும்பு, எண் போட்டதில் பாதிகூடத் தாங்காது. தூங்குகிறவளைத் தாங்குவது வேறு. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை உதறுகிற ஒன்றைப் பிடித்துவைப்பது வேறு. முன்பக்க போல்ட் அறுந்தால் என்ஜின் சாயும். செயின் இறுகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்சக்கரம் நின்றுவிடும்.

இதை அவனிடம் சொல்லக் காலையிலிருந்து முயன்றுகொண்டிருந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று தெரியும்.

அவன் போல்ட்டுகளை முறுக்கியபோது ஸ்பேனர்களை இடது கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். வலது கையை மூடியே வைத்திருந்தேன்.

"என்ன புரொபசர், கையில பல்லி பிடிச்சு வெச்சிருக்கியா?"

இல்லை என்று தலையாட்டினேன். 10.9 உள்ளங்கையில் அழுந்தியது.

ஆமாம், நான்தான் எடுத்தேன். அவன் பல் தேய்க்கப் போயிருந்தபோது. வண்டி கிளம்பாமல் இருந்தால் போதும் என்றுதான் எடுத்தேன். கட்டிலைக் கவிழ்ப்பான் என்று எனக்குத் தோன்றவேயில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு வந்தவள், வந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஆனால் நான் எடுத்தது ஒன்றுதான்.

அண்ணன் ஹெல்மெட்டின் வாரை இழுத்து மாட்டினான். கேட்டைத் திற என்று எனக்குக் கையைக் காட்டினான்.

கேட் வரைக்கும் நடந்தேன். தாழ்ப்பாளில் இடது கையை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது. திறக்காமல் திரும்பி அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். எனக்குத்தான் சத்தம் போட வராது. அம்மாவுக்கு வரும். பால்காரன் ஐந்து நிமிடம் தாமதித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் இன்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

அவள் முந்தானை நுனியில் ஒரு முடிச்சு இருந்தது. சாவியை அப்படித்தான் முடிந்துவைப்பாள்.

சாவிக்கொத்து அவளுக்குப் பின்னால் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

முடிச்சு ஒரு விரல் நீளம் இருந்தது. கனத்தில் முந்தானையை நேராக இழுத்துக்கொண்டு தொங்கியது.

நான் முடிச்சைப் பார்த்தேன். அம்மா என் மூடிய கையைப் பார்த்தாள்.

அண்ணன் ஹாரன் அடித்தான். "சிலை மாதிரி நிக்கிற? திற!"

நான் கேட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு கையைத் திறந்தேன்.

அம்மா முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

அண்ணன் என் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தான். கத்தப்போகிறான் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன்.

அவன் சாவியைத் திருப்பினான்.

சத்தம் நின்றது. கண்ணாடிகள் அடங்கின. வாளித் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

அண்ணனின் இடது முட்டி மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.